பொங்கல் புடவையும் பூங்காவனத்தின் மேஜையும்

புதிதாக வந்திருக்கும் உங்களிடம் கம்பெனி வளர்ந்த கதையைக் கொஞ்சம் பேசச் சொல்லி மேனேஜர் கூப்பிட்டார். என்னென்ன சரக்கு செய்தோம், எங்கே தொடங்கி எங்கே வந்திருக்கிறோம் என்று சொன்னால் போதும் என்றார். பத்தொன்பது வயதில் உள்ளே வந்து, தலை நரைத்து வெளியே போனவள் நான். அதைச் சொல்லத் தெரியாதா? ஆனால் கம்பெனிக் கதை என்றாலே எனக்கு ஒரு புடவைதான் ஞாபகம் வருகிறது. அதனால் கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டயோடு. சங்கராபுரம் சாலையில் ஒரு நெல் குடோனை வாடகைக்கு எடுத்து, அதை வெள்ளையடித்து, ஏசி போட்டு முதலாளி ஆரம்பித்தார். சிலிக்கான் தகடு அன்றைக்கும் வெளியிலிருந்துதான் வந்தது, இன்றைக்கும் அப்படித்தான். அதைச் சிப்பு சிப்பாக அறுத்து, சட்டத்தில் ஒட்டி, முடியைவிட மெல்லிய கம்பி கட்டி, கறுப்பு உறை போட்டு, சோதித்து அனுப்புவது நம் வேலை. டேப் ரெக்கார்டருக்கும் ரேடியோவுக்கும் டயோடு கொடுத்தோம். பிறகு டிவி ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டர். இப்போது நீங்கள் செய்யப்போவது கரண்டு ஸ்கூட்டர் சார்ஜருக்கான சரக்கு. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம், "உங்க வூட்டு டிவி பொட்டி உள்ள நாங்க செஞ்சதுதான் இருக்குது" என்று நான் பெருமையடித்த காலம் உண்டு. பாதிப் பேர் நம்பவில்லை.

நான் சேர்ந்த முதல் வாரம், ஒரு தட்டு நிறைய சிப்பை மேஜைமேல் வைத்துக்கொண்டு தும்மிவிட்டேன். கசகசா மாதிரி இருக்கும் சிப்பு. மொத்தமும் பறந்துவிட்டது. அப்போது லைனைப் பார்த்துக்கொண்டவர் ஒரு வயதான போர்மேன். நேராக அவரிடம் போய், "சார், தும்மிட்டேன் சார்" என்றேன். அவர் என்னையும் தட்டையும் பார்த்தார். "சளியா, தூசியா?" என்று கேட்டார். தூசி என்றேன். உடனே ஏசி வடிகட்டியைக் கழற்றிப் பார்க்கச் சொன்னார். அது கிழிந்திருந்தது. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. எல்லா இடத்திலும் இப்படித்தான் இருப்பார்கள்போல என்று நினைத்துக்கொண்டேன்.

வருஷங்கள் போய், அதே லைனுக்கு நான் இன்சார்ஜ் ஆனேன். ஸ்டெல்லா என்ற என் பேர் மறைந்து, எல்லாருக்கும் 'ஸ்டெல்லாக்கா' ஆகிவிட்டேன். அந்தச் சமயத்தில்தான் மாஸ்ஃபெட் வந்தது. கரும்புக் காட்டு மோட்டார்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிற ஒரு கோயம்புத்தூர் கம்பெனி நம்மிடம் கேட்டது. டயோடு முரட்டுப் பிள்ளை. எப்படிப் பிடித்தாலும் தாங்கும். மாஸ்ஃபெட் அப்படி இல்லை. மின்சாரத்தைத் திறந்து மூடும் ஒரு கதவு அதற்குள் இருக்கிறது. அந்தக் கதவை மூடியிருக்கும் படலம் அவ்வளவு மெல்லியது. நம் உடம்பில் சேர்கிற கொஞ்சூண்டு மின்சாரம், நமக்கே தெரியாமல் விரல் வழியாக இறங்கினால் போதும், அது ஓட்டையாகிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அதனால் கம்பி கட்டும் இயந்திரங்களில் உட்காருகிறவர்களுக்கு மணிக்கட்டில் பட்டை கட்டி, அதன் வயரைப் பூமியில் இறக்கினோம். கம்பி கட்டிய பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் மேஜைகளுக்கு மட்டும் பட்டை போடவில்லை. அங்கே பார்ப்பது மட்டும்தானே வேலை என்று விட்டுவிட்டோம். 'விட்டுவிட்டோம்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லக்கூடாது. அந்தப் பட்டியலைப் போட்டது நான்.

அந்த வருஷப் பொங்கலுக்கு முதலாளியின் மனைவி, நாங்கள் அம்மா என்றுதான் கூப்பிடுவோம், லைனில் இருந்த அத்தனை பெண்களுக்கும் ஒரே மாதிரி புடவை எடுத்துக் கொடுத்தார். மயில் கழுத்து நிறம், வழவழவென்று இருக்கும், கசங்காது, துவைத்தால் பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும். ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டு, தோளில் போட்டுப் பார்த்து, "உனக்கு நல்லா இருக்குது" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெரும்பாலானவர்கள் பெட்டியில் வைத்துவிட்டோம், கல்யாணம் காட்சிக்கு ஆகும் என்று.

தை பாதியிலிருந்து சரக்கு கெட ஆரம்பித்தது. கடைசிச் சோதனையில் மாஸ்ஃபெட் ஒன்று இரண்டாகச் செத்துக்கொண்டிருந்தது, பிறகு தட்டுக்குப் பத்து, பதினைந்து என்று ஆனது. சோதனையில் தப்பித்த சில கோயம்புத்தூர் போய்ச் செத்தன. அவர்கள் கடுமையாக ஒரு கடிதம் போட்டார்கள். ஒரு மாதத்தில் சரியாகாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று. அந்த ஆர்டரை நம்பித்தான் அந்த வருஷம் புதிதாக ஆள் எடுத்திருந்தோம்.

புதிதாக எடுத்தவர்களில் ஒருத்தி பூங்காவனம். கல்வராயன் மலைமேல், வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு ஊர். பன்னிரண்டாவது முடித்துவிட்டு, கச்சிராயபாளையத்தில் சித்தி வீட்டில் தங்கி டவுன் பஸ்ஸில் வந்து போனாள். மைக்ராஸ்கோப் மேஜையில் அவளை உட்கார வைத்துப் பழக்கியது நான்தான். என்ன கண் தெரியுமா அந்தப் பெண்ணுக்கு! மற்றவர்கள் இரண்டு தடவை பார்த்துக் கண்டுபிடிப்பதை ஒரே பார்வையில் சொல்லிவிடுவாள். பேச்சு மட்டும் வராது. கேட்டதற்கு 'ஆங்', 'இல்லக்கா' அவ்வளவுதான்.

ஒவ்வொரு தட்டோடும் பார்த்தவர் பேர் எழுதிய சீட்டு போகும். நான் உட்கார்ந்து, கெட்டுப்போன சரக்கின் சீட்டையெல்லாம் எடுத்துப் பிரித்தேன். பாதிக்குமேல் பூங்காவனம் பேர். இரண்டாவது தடவை பிரித்தேன். அதேதான்.

மேனேஜர் என் மேஜைக்கே வந்துவிட்டார். இப்போது இருப்பவர் இல்லை, அவருக்கு முன்னால் இருந்தவர். "ஸ்டெல்லாம்மா, கோயம்புத்தூர்க்காரங்களுக்கு இன்னிக்குப் பதில் போவணும். காரணம் இன்னா, என்ன நடவடிக்கை எடுத்தோம், ரெண்டும் எழுதணும். உங்க கையில காரணம் இருக்குது போலயே?"

"சீட்டுல ஒரு பேருதாங்க சார் ஜாஸ்தி வருது. ஆனா அந்தப் பொண்ணு நல்லா பாக்கற பொண்ணு."

"நல்லா பாக்கற பொண்ணு தட்டுதான் சாவுதா?"

இரண்டு நாள் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கணக்கு கையில் இருக்கிறது, எழுதித் தீர்த்தால் தொல்லை விட்டது என்று இருந்தது. 'புதிய பணியாளர் பூங்காவனம் சரக்கைக் கையாளுவதில் குறை, பணியிலிருந்து விலக்கப்பட்டார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஷிப்ட் முடிந்து கேட்டருகே அவளைக் கூப்பிட்டு, "நாளையிலேருந்து வர வேணாம்மா" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. ஏதோ லீவு என்று நினைத்துவிட்டாள்.

"எப்ப வரணும்க்கா?" என்று கேட்டாள்.

"சொல்லி அனுப்பறோம்" என்றேன்.

அந்த வார்த்தைதான் என் வேலைக்காலத்தில் நான் சொன்ன வார்த்தைகளிலேயே மோசமானது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அவள் தலையை ஆட்டிவிட்டு டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

அடுத்த வாரம் பழுது குறைந்துவிட்டது! பாதிக்குக் கீழே வந்துவிட்டது. மேனேஜர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கும் மனசு லேசாகிவிட்டது. நாம் நினைத்தது சரிதான் என்று காட்டுகிற கணக்கு வந்தால், அதை யாரும் இரண்டாவது தடவை பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை.

கோயம்புத்தூர்க்காரர்கள் நேரில் வந்து பார்க்கிறோம் என்றார்கள். முதலாளிக்குச் சந்தோஷம். "அன்னிக்கு எல்லாரும் பொங்கல் புடவையிலேயே வாங்க, பாக்க அழகா இருக்கும்" என்று சொல்லி அனுப்பினார். அத்தனை பேரும் மயில் கழுத்து நிறத்தில், மேலே வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தோம். வந்தவர்களுக்குக் காட்டுவதற்காக நானே ஒரு மேஜையில் உட்கார்ந்து ஒரு தட்டு முழுக்கப் பார்த்தேன். சாப்பிட்டுவிட்டுத் திருப்தியாகக் கிளம்பிப் போனார்கள்.

அந்தத் தட்டுகளுக்கெல்லாம் உறை போட்டுச் சோதனை முடிந்தது மறுநாள் மத்தியானம். சோதனை அறையிலிருந்து ஆள் ஓடிவந்தது. கொத்துக் கொத்தாகச் செத்துக் கிடந்தது. சீட்டைப் பிரித்தேன். இந்தத் தடவை ஒரு பேர் இல்லை. எல்லார் பேரும் இருந்தது. அதில் ஒரு சீட்டில், என் கையெழுத்திலேயே, ஸ்டெல்லா.

அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். அதே சிப்பு, அதே இயந்திரம், அதே ஆட்கள். நேற்று மட்டும் என்ன வேறு? விருந்தாளி வந்தார்கள். நாங்கள் புடவை கட்டினோம். முந்தின நாள் சாயங்காலம் உடை மாற்றும் அறையில் கோட்டைக் கழற்றியபோது சடசடவென்று சத்தம் வந்ததும், கையில் இருந்த முடியெல்லாம் எழுந்து நின்றதும், எல்லாரும் சிரித்ததும் அப்போது ஞாபகம் வந்தது. மாசி மாதக் காற்று, ஏசி வேறு, ஈரமே இல்லை. பிளாஸ்டிக் ஸ்டூலில் அந்தப் பாலியஸ்டர் புடவை உரச உரச உடம்பில் மின்சாரம் ஏறியிருக்கிறது. மணிக்கட்டில் பட்டை இல்லாத மேஜை. விரல் பட்டதும் இறங்கியிருக்கிறது.

பிறகுதான் அது உறைத்தது. நாங்களெல்லாம் பெட்டியில் வைத்த புடவையைத் தினமும் கட்டிக்கொண்டு வந்தது யார்? நான் தினமும் பார்த்திருக்கிறேன். மயில் கழுத்து நிறத்தில், சாயங்காலம் துவைத்துக் காலையில் கட்டிக்கொண்டு, ஒரு நாள் விடாமல் வந்தவள் பூங்காவனம்.

மறுநாள் நான் மறுபடி அதே புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். பக்கத்து மேஜைக் கமலாவை நூல் புடவையில் வரச்சொல்லியிருந்தேன். ஒரே தகட்டில் அறுத்த சிப்பை இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதி பார்த்தோம். மேனேஜர், "இன்னா ஸ்டெல்லாம்மா, இன்னும் பொங்கல் முடியலயா?" என்று சிரித்துக்கொண்டே போனார். அடுத்த நாள் சோதனையில் கமலாவின் தட்டுகள் அத்தனையும் பிழைத்தன. என்னுடையதில் பாதி செத்திருந்தது. அவர் சிரிப்பு நின்றது.

முதலாளி அறையில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவும் அங்கே இருந்தார். சொல்லாமல் இருக்க முடியாது, சொல்லவும் வாய் வரவில்லை. "புடவைதாம்மா" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"ஆசையா எடுத்தனே. அதுலயா இப்படி?" என்றார். பிறகு, "அந்தப் பொண்ணு தெனமும் அதையேவா கட்டிச்சு?"

"ஆமாம்மா."

"நான் எடுத்துக் குடுத்தத தெனம் கட்னது அவ ஒருத்திதான். அவளையே அனுப்பிட்டீங்களா?"

மேனேஜர், அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டாயிற்று, போனது போகட்டும் என்று தொடங்கினார். முதலாளி என்னைப் பார்த்தார். "எழுதினது நான்தாங்க. நானே போய்க் கூட்டிக்கினு வரேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூடப் போகாமல் முதல் பஸ் பிடித்தேன். கச்சிராயபாளையம் தாண்டி, அணையைத் தாண்டி, மலை ஏறி வெள்ளிமலையில் இறங்கினேன். அங்கிருந்து ஒரு ஜீப், பிறகு நடை. வழியெல்லாம் சொல்லவேண்டியதைக் கோத்துக்கொண்டே போனேன். கருப்புச் செருப்பில் மலைமண் அப்பிக்கொண்டது.

புளி உலுக்கும் காலம். வீட்டு வாசலில் பூங்காவனமும் அவள் அம்மாவும் உட்கார்ந்து, குச்சியால் புளியை அடித்து ஓடு நீக்கிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவள் எழுந்து நின்றாள்.

"சொல்லி அனுப்பறோம்னீங்க, நீங்களே வந்துட்டீங்களாக்கா?"

அவள் அம்மா சாக்கைத் தட்டிப் போட்டு, "ஒக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். கோத்து வைத்ததெல்லாம் போய்விட்டது. "தப்பு உன் மேல இல்லம்மா. அந்தப் பொடவையால வந்தது. நான் பாக்காம உன் பேர எழுதிட்டேன்" என்று சொல்லி, நடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

அவள் குச்சியைக் கீழே வைத்தாள். "பொடவையாக்கா? அதான் சுருக்குன்னு இழுத்துதா?"

"எது?"

"தட்டத் தொட்றப்பல்லாம் வெரல்ல சுருக்குன்னு இழுக்கும்க்கா. ஒரு நாளு பொறியே வந்துச்சு. மேஜையில கரண்டு கசியுதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"ஏம்மா, ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா, இவளுக்கு இந்த வேல ஒத்துக்கலன்னு அனுப்பிடுவீங்களோன்னு பயந்தேன்" என்றாள். குச்சியை மறுபடி எடுத்துக்கொண்டு, "நீங்களும் கேக்கலியேக்கா" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். நான் இரண்டு தடவை சீட்டுகளைப் பிரித்தேன். பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தவளிடம் போய், 'மேஜையில் ஏதாவது வித்தியாசமாக இருக்கிறதா?' என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். சீட்டில் பேர் மட்டும்தான் இருக்கும். அந்தப் பேருக்கு உரியவளின் விரல் சுடுகிறதா என்று அதில் எழுதியிருக்காது. அந்தப் போர்மேனாக இருந்தால் முதலில் அவளிடம்தான் போயிருப்பார்.

"வேலைக்கு வரியா?" என்று கேட்டேன்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா புளியைப் பார்த்தார். "என் பேருல எழுதினீங்களே, அத இன்னா பண்ணீங்க?" என்று பூங்காவனம் கேட்டாள்.

"அதே தாள்ல, கீழ, தப்பு ஸ்டெல்லாவோடதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். கோயம்புத்தூருக்கும் வேற கடுதாசி போயிடுச்சு."

"அத நான் இருக்கச்சே எல்லாரு எதிர்லயும் சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

"அப்ப வரேன்க்கா. ஆனா புளி முடியட்டும். எங்கம்மா ஒண்டியா எப்படி அடிக்கும்?"

அவளைக் கூட்டிக்கொண்டுதான் இறங்குவேன் என்று போனவள், தனியாகத்தான் இறங்கினேன், பையில் அவள் அம்மா கொடுத்த இரண்டு கிலோ புளியோடு. கம்பெனி அவளுக்காகக் காத்திருந்தது. மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. முதலாளி வீட்டு அம்மா, "புளி முடிஞ்சுதான் வருவா, வரட்டும்" என்று சொல்லிவிட்டார். அடுத்த பொங்கலுக்கு எல்லாருக்கும் நூல் புடவை.

சித்திரையில் பூங்காவனம் வந்தாள். ஷிப்ட் தொடங்கும்போது அத்தனை பேர் முன்னாலும் அந்தத் தாளை வாசித்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யாரோ கை தட்டினார்கள், பாதியில் நிறுத்திவிட்டார்கள். இதற்குக் கை தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் போயிருக்கும். அதற்குள் எல்லா மேஜைக்கும் பட்டை வந்திருந்தது. அவளுக்கு நானே கட்டிவிட்டேன்.

ஒரு மாதம் ஆகியிருக்கும். கோயம்புத்தூருக்குச் சரக்கு போகிற நாள், லாரி கேட்டில் நிற்கிறது, கடைசித் தட்டுகள் போய்க்கொண்டிருக்கின்றன. திடீரென்று பூங்காவனம் கையைத் தூக்கினாள்.

"அக்கா! சுருக்குங்குது! நிறுத்துங்க!"

அந்தப் பெண்ணின் குரல் அவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் தெரியும். மேனேஜர் என்னைப் பார்த்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். நான் எல்லா மேஜையையும் நிறுத்தினேன். எலக்ட்ரீஷியன் வந்து வயரை ஒவ்வொன்றாக அளந்தார். பட்டை சரி, பூமி சரி, மேஜை விரிப்பு சரி. எல்லாம் சரி. பூங்காவனத்தின் முகம் சின்னதாகிக்கொண்டே வந்தது. அப்போது முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். கோட்டுக்கையின் உள்ளே ஒரு கட்டெறும்பு.

லைனே சிரித்தது. மேனேஜர் சிரிக்கவில்லை. "எறும்புக்கா ஸ்டெல்லாம்மா லாரிய நிக்க வெச்சீங்க?"

"ஆமாங்க சார்" என்றேன். அவளிடம் திரும்பி, "நாளைக்கும் சுருக்குன்னா கூப்புடு" என்றேன்.

"எறும்பா இருந்தாலுமாக்கா?"

"எறும்பா இருந்தாலும்."

சரக்கு அரை மணி தாமதமாகப் போனது. தூசியே வரக்கூடாத அறைக்குள் எறும்பு எப்படி வந்தது என்று எல்லாருமாகத் தேடினோம். பூங்காவனம்தான் குனிந்து, சுவரோரமாக எறும்புச் சாரையைப் பிடித்து, அதன் பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து போனாள். சாரை, அறை மூலையில் இருந்த மேனேஜர் மேஜையின் இரண்டாவது இழுப்பறைக்குள் போய் நின்றது. திறந்து பார்த்தாள். ஒரு பொட்டலம் கடலை மிட்டாய்.

அதை அவள் மெதுவாகச் சொல்லவில்லை. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகத்தான் சொன்னாள்.